ஷைலக்கின் அங்கி

வெனிஸ் நகர வணிகன் நம் பள்ளி மேடைகளில் ஏறும்போது, ஷைலக் வாய் திறக்குமுன்பே அவனுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கணுக்கால் வரை புரளும் கறுப்பு அங்கி, இடையிலே கயிறு, கயிற்றிலே பணப்பை, முகத்திலே ஒட்டுத்தாடி, மூக்கின்மேல் மெழுகால் செய்த இன்னொரு மூக்கு, தலையிலே கூம்புக் குல்லாய், கையிலே கத்தி! திரை விலகுகிறது, பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள், முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வழக்கு என்ன, வாதம் என்ன, வஞ்சம் பிறந்த வழி என்ன என்று எவரும் கேட்கவில்லை. ஆடை பேசிவிட்டது, இனி ஆள் பேசி ஆவதென்ன?

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆண்டுவிழாக் காலங்களில் இந்த ஷைலக்கை நாம் பார்த்திருக்கிறோம். நடிக்கும் மாணவனின் திறமையை நாம் குறை கூறவில்லை. நாடகத்தை நடத்தாதீர் என்றும் சொல்லவில்லை. நம் கேள்வி, ஒப்பனைக் கடையிலிருந்து வாடகைக்கு வருகிறதே, அந்த அங்கியைப் பற்றியது. அது யாருடைய ஆடை? எந்த ஊர் யூதன் அதை உடுத்தினான்? எந்த மறை அதை உடுத்தச் சொன்னது? ஓர் உடையைக் கண்டு சிரிப்பதற்கு முன்பு அதன் வரலாற்றைக் கேட்பதன்றோ பகுத்தறிவு?

தமிழ்மேடைக்கு ஷைலக் புதியவன் அல்லன். பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழ் உருவில் தந்தார். 1940-இல் ‘ஷைலக்’ என்ற பெயரிலேயே தமிழ்ப்படம் வந்தது. செருகளத்தூர் சாமா ஷைலக்காகத் தோன்றினார். பாடப்புத்தகமாகவும், போட்டி நாடகமாகவும், நீதிமன்றக் காட்சி மட்டும் தனித்து ஓர் அங்க நாடகமாகவும் தலைமுறை தலைமுறையாக அவன் வந்துகொண்டே இருக்கிறான். யூதரை நேரில் கண்டிராத தமிழ்ப் பிள்ளைக்கு, யூதன் என்றால் அவன்தான். யூதன் ஆடை என்றால் அந்த அங்கிதான். ஆகவே இது ஒப்பனைக்காரரோடு முடிந்துபோகும் சிறு செய்தி அன்று. ஒரு மக்களினத்தைப் பற்றிய நம் அறிவு முழுவதும் ஒரு துணியிலே தொங்குகிறது.

தையற்காரன் செய்த யூதன்

முதலில் நாடகாசிரியரையே கேட்போம். ஷேக்ஸ்பியர் இதை எழுதியது 1596, 1597 ஆகிய ஆண்டுகளை ஒட்டி. முதற்பதிப்பு அச்சேறியது 1600-இல். இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் யூதரை நாடு கடத்தியது 1290-இல். அவர்கள் மீண்டும் வெளிப்படையாகக் குடியேற வழி பிறந்தது 1656-இல், கிராம்வெல் காலத்தில். இடைப்பட்ட முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குமேல், தன் சமயத்தை வெளிப்படக் காட்டிக்கொண்டு வாழும் யூதக் குடியிருப்பு அந்நாட்டில் இல்லை. மறைந்து வாழ்ந்தோர் சிலர் இருந்தனர். அவர்கள் யூத ஆடையோடு தெருவில் உலவவில்லை. ஆக, எழுதியவர் கண்டதில்லை, நடித்தவர் கண்டதில்லை, கைதட்டியவர் கண்டதில்லை. காணாத ஒருவனுக்குச் சட்டை தைத்தது மேடைத் தையற்காரனின் கற்பனை.

“யூத அங்கியின்மீது உமிழ்ந்தார்கள்” என்ற பொருளில் ஷைலக் நாடகத்தில் குமுறுகிறானே என்பர் சிலர். உண்மை, குமுறுகிறான். ஆனால் ‘கபர்டைன்’ என்று அவன் குறிப்பிடும் அந்த அங்கி, அக்காலத்தில் பலரும் உடுத்திய தளர்ந்த மேலங்கிதான். அதே ஆசிரியர், ‘புயல்’ என்னும் தம் மற்றொரு நாடகத்தில், தீவின் அடிமையான காலிபனுக்கும் அதே சொல்லால் அதே அங்கியைத்தான் அளிக்கிறார். மழைக்கு அஞ்சிய கோமாளி ஒருவன் அதனுள் புகுந்து ஒளிகிறான். காலிபன் யூதனா? இல்லையே! அங்கியிலே சமயம் இல்லை. உமிழ்ந்தவன் வாயிலேதான் இருந்தது.

அடுத்து, தலைமயிர். இலண்டன் மேடையில் ஷைலக்குக்கு நெடுங்காலம் செம்பட்டை மயிரை ஒட்டிவந்தனர். காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் செம்மயிர் என்பது பழைய மேடை மரபு. அந்தப் பழி ஷைலக்கின் தலையிலும் ஏறியது. 1814-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், டுரூரி லேன் அரங்கில் எட்மண்ட் கீன் என்னும் இளம் நடிகர் கருமயிரோடு ஷைலக்காக வந்து நின்றார். மயிரின் நிறம் மாறியது. பார்த்தவர் கண்ணும் மாறியது. கோமாளி மறைந்து, காயம்பட்ட ஒரு மனிதன் தெரிந்தான். ஒரு மயிர்க்குல்லாயை மாற்றியதற்கே இவ்வளவு விளைவு என்றால், அங்கி முழுவதையும் ஆராய்ந்தால் என்ன ஆகும்!

எல்லாவற்றினும் வலிய சான்று நீதிமன்றக் காட்சியிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் அதே காட்சி! வழக்கறிஞர் வேடத்தில் மன்றத்துள் நுழையும் போர்ஷியா, எதிரே நிற்கும் இருவரில் வணிகன் யார், யூதன் யார் என்று வினவுகிறாள். கூம்புக் குல்லாயும் கோணல் மூக்குமாக ஒருவன் நின்றுகொண்டிருந்தால் அந்த வினாவுக்குப் பொருளுண்டா? கண்ணற்றவள்கூடக் கேட்கமாட்டாள்! பார்த்த அளவில் பிரித்தறிய இயலாதவாறு இருவரும் நிற்பதற்கு அந்த வினா இடம் தருகிறது. வேற்றுமை உடலில் எழுதப்படவில்லை, சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒற்றை வினாவால் உணர்த்தும் அந்த இடத்தை, நம் ஒப்பனைப் பெட்டி விழுங்கிவிடுகிறது.

வெனிஸ் நகரத்தின் உண்மை நிலையோ நாடகத்தில் சொல்லப்படாதது. 1516-இல் அந்நகரத்து ஆட்சி யூதரை ‘கெட்டோ’ என்னும் ஓர் அடைப்புக்குள் குடியிருத்தியது. இரவில் அதன் கதவுகள் பூட்டப்பட்டன. யூதன் வெளியே வந்தால் இன்ன நிறத்தில் தொப்பி அணிய வேண்டும் என்று ஆணை. முதலில் மஞ்சள், பிற்காலத்தில் சிவப்பு. செய்யத்தக்க தொழில்களும் எண்ணி அளக்கப்பட்டன: அடகின்பேரில் கடன் கொடுக்கலாம், மருத்துவம் பார்க்கலாம், பழந்துணி வாங்கி விற்கலாம். நிலம் இல்லை, கைவினைச் சங்கங்களில் இடம் இல்லை. வட்டித்தொழிலை விட்டுவைத்த ஆட்சியே வட்டிக்காரன் என்று பழித்தது. தொப்பியை மாட்டிய கையே, தொப்பிக்காரன் என்று சுட்டியும் காட்டியது! என்னே நீதி!

நான்கு முனை, நான்கு குஞ்சம்

அவ்வாறாயின் யூதரின் சமய ஆடை என்று உண்மையிலேயே ஒன்று உண்டா? உண்டு. அதை அறிவது அங்கியைக் கழற்றுவதற்கு இன்றியமையாதது.

சமயநெறி பிறழாத யூத ஆடவன் காலைத் தொழுகையில் ‘தல்லித்’ எனப்படும் போர்வையைப் போர்த்துகிறான். அது நாற்கோண ஆடை. நான்கு முனைகளிலும் ‘சிசித்’ எனப்படும் குஞ்சங்கள் தொங்கும். ஒவ்வொரு முனையிலும் நான்கு இழைகளைத் துளையில் கோத்து மடித்து எட்டாக்கி, ஐந்து இரட்டை முடிச்சுப் போடுகிறார்கள். அன்றாடம் சட்டைக்குள்ளும் ஒரு சிறிய நாற்கோணத் துணியை அணிவோர் பலர். எண்ணாகமம் 15-ஆம் அதிகாரமும் உபாகமம் 22-ஆம் அதிகாரமும் இதற்கு ஆதாரம். கடமைகளைக் கண்டதும் நினைவு வரவேண்டும் என்பதே அங்குச் சொல்லப்படும் நோக்கம். மறவாதிருக்கத் துணிமுனையில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறோமே, அத்தகைய ஏற்பாடு. ஓய்வுநாளும் பெருவிழாவும் அல்லாத நாட்காலையில், மறைவாசகம் அடங்கிய தோற்பேழை ஒன்றை நெற்றியிலும் ஒன்றைக் கையிலும் வாரால் கட்டிக்கொள்வர். அதற்குத் ‘தெஃபிலின்’ என்று பெயர். தலையில் அணியும் சிறு குல்லாய் ‘கிப்பா’. அதற்கு ஐந்தாகமத்தில் நேரான கட்டளை இல்லை. பிற்கால வழக்கம் வலுத்து விதியாயிற்று. ஹசிதியர் எனப்படும் பிரிவினர் திருநாளில் அணியும் மென்மயிர்த் தொப்பியும் நீண்ட கறுப்புச் சட்டையும் கிழக்கு ஐரோப்பியக் குளிர்நாட்டு உடையின் எச்சம். சீனாய் மலையிலிருந்து வந்தவையல்ல!

ஆண்டவன் ஆடையின் முனையை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதை நாம் ஏற்பதில்லை. நூலைத் தொங்கவிட்டால் நல்லவனாகலாம் என்றால், நூற்பாலைக்காரனல்லவா உலகிலேயே நல்லவன்! எனினும் ஆராய்வோன் நடுநிலை தவறலாகாது. இந்த நூலில் ஒரு சிறப்பு உண்டு. எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில், தலைமைக் குரு பொன்னிழை கலந்த உடையும், பன்னிரு மணிகள் பதித்த மார்புப் பதக்கமும் அணிந்தார். கி.பி. 70-இல் உரோமப் படை ஆலயத்தை எரித்தது. குருவின் பட்டாடையும் பதக்கமும் அதோடு போயின, திரும்பவில்லை. நின்றது எது? மரவெட்டிக்கும் மறைவல்லானுக்கும் ஒன்றுபோல் விதிக்கப்பட்ட வெறும் நூற்குஞ்சம்! பூசாரியின் பகட்டு அழிந்தபின் பொதுமக்களின் நூல் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. சிந்திக்கத்தக்க செய்தி இது.

குஞ்சத்தில் ஓர் இழை நீலமாக இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. அந்நீலம் ஒருவகைக் கடல்நத்தையிலிருந்து எடுக்கப்பட்டது, விலை மிகுந்தது. போலி நீலம் எளிதில் கிடைத்தது. எதிலிருந்து? நம் மண்ணிலும் விளைந்து கப்பலேறிய அவுரியிலிருந்து! யூதரின் தல்மூது என்னும் பழம்பெரும் சட்டத் தொகுப்பு, இந்த அவுரி நீலத்தைத் தொங்கவிட்டு உண்மை நீலம் என்று சொல்வோனைக் கண்டிக்கிறது. அவனோடு சேர்த்து ஒரே மூச்சில் வேறு இருவரையும் கண்டிக்கிறது. எடைக்கல்லை உப்பில் புதைத்து எடையை மாற்றுவோன் ஒருவன். தன் பணத்தைப் பிறனுடையது என்று பொய்க்கணக்குக் காட்டித் தன் இனத்தானிடமே வட்டி வாங்குவோன் மற்றொருவன். பொய்ச்சாயம், பொய்எடை, மறைவட்டி! ஷைலக்கின் ஆடையைத் தைத்த மேடைக்காரர்கள், அந்த ஆடையின் குஞ்சத்தோடு வட்டிக்கண்டனமும் முடிச்சிடப்பட்டிருப்பதை அறிந்திலர். தன் இனத்தானிடம் கூடாத வட்டி அயலானிடம் ஆகும் என்று அந்நெறி இடம் விட்டதையும் நாம் மறைக்கவில்லை; அறம் இனத்தோடு நின்றுவிட்டால் அது பாதி அறமே.

இறப்பிலும் இந்த ஆடைக்கு ஒரு பங்குண்டு. இறந்த ஆடவனைப் பல ஊர்களில் அவனுடைய தல்லித்தாலேயே போர்த்தி, ஒரு முனையின் குஞ்சத்தை மட்டும் அறுத்துவிட்டு அடக்கம் செய்கிறார்கள். இனிக் கடமை இல்லை என்பது அதன் பொருள். பண்டைக் காலத்தில் பிணத்துக்கு விலையுயர்ந்த ஆடை உடுத்தும் போட்டி முற்றி, சாவைவிடச் சாவுச்செலவு கொடிதாகி, உறவினர் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலை வந்ததாம். ரப்பான் கமாலியேல் என்னும் பெரியார் தமக்கு எளிய நார்த்துணியே போதும் என்று கூறிவிட்டார். பெரியவரே எளிய துணியில் போனபின் ஏழை வெட்கப்படுவானேன்? வழக்கம் மாறியது. கடன் வாங்கிக் கருமாதி செய்யும் நம் தெருக்களில் இந்தச் செய்தியை உரக்கச் சொல்லலாம்.

கொச்சியின் வாசற்படி

புகழ வேண்டியதைப் புகழ்ந்தோம். இனி இடிக்க வேண்டியதை இடிப்போம். மரவெட்டிக்கும் மறைவல்லானுக்கும் பொதுவான அந்த நூல், மரவெட்டியின் மனைவிக்குப் பொதுவாகவில்லை. குறித்த நேரத்தில் செய்யவேண்டிய கடமைகளிலிருந்து பெண்ணுக்கு விலக்கு என்றார்கள் பண்டிதர்கள். விலக்கு நாளடைவில் விலங்காயிற்று. எருசலேமின் மேற்குச் சுவரருகே தல்லித் போர்த்தித் தொழ 1988 முதல் ஒரு பெண்கள் குழு போராடியது. போர்வை அணிந்த குற்றத்துக்காகப் பெண்கள் காவலரால் பிடித்துச் செல்லப்பட்டனர். 2013-இல்தான் அந்நகர மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண் போர்த்தினால் பக்தி. பெண் போர்த்தினால் குழப்பமா? நூல் என்றதும் நமக்குப் பூணூல் நினைவு வருவது இயல்பு. இரண்டும் ஒன்றல்ல. பூணூல் ஒரு மக்களுக்குள்ளேயே பிறப்பால் மேல்கீழ் பிரிக்கிறது. சிசித் ஒரு மக்களின் ஆடவர் அனைவருக்கும் பொது. ஆனால் நூல் பொதுவாயிருந்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடுமா? விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கொச்சிக்குச் செல்வோம்.

கொச்சி நாட்டு யூதரின் வரலாறு பழமையானது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், சோசப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வட்டெழுத்துச் செப்பேடு அளித்தான். 72 உரிமைகள்! பகலில் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடைத் துணி, பல்லக்கு, குடை எனப் பட்டியல் நீளுகிறது. குடை பிடிப்பதும் துணிமேல் நடப்பதும் மன்னன் தரும் சலுகை என்றால், அவை இல்லாத பெருங்கூட்டம் ஒன்று வழியோரத்தில் நின்றிருக்க வேண்டுமன்றோ? அதே மலையாளக் கரையில், திருவிதாங்கூர்ச் சாணார்ப் பெண்கள் மார்பை மறைக்கும் துணிக்காக அடிபட்டுப் போராடி, 1859-இல் அரச ஆணை பெற்றனர் என்பதை அறியாதார் யார்?

அந்த மண்ணின் நஞ்சு யூதர் தொழுகைக் கூடத்துள்ளும் புகுந்தது. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தோர் வழியினர் ‘வெள்ளை யூதர்’ என்று தம்மை உயர்த்திக்கொண்டனர். தொன்றுதொட்டு அங்கே வாழ்ந்தவரைக் ‘கறுப்பு யூதர்’ என்றனர். அடிமைத்தளை நீங்கியவர்களின் வழியினருக்கோ உள்ளே இருக்கை இல்லை. பின்புறத்திலோ வெளிக்கூடத்திலோ தரையில் அமரவேண்டும். மறையேட்டை வாசிக்க அவர்களை அழைப்பதுமில்லை. ஒரே மறை, ஒரே மொழி, ஒரே நூற்குஞ்சம். ஆனால் ஒரே பலகையில் அமர மட்டும் ஆகாது!

அந்த வகுப்பில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் பயின்று, கொச்சி யூதருள் முதல் பட்டதாரியும் முதல் வழக்கறிஞரும் ஆனவர், கொச்சி சட்டமன்றத்தில் அமர்ந்தவர், தொழிலாளருக்காகவும் வாதாடியவர். நாட்டின் சட்டமன்றத்தில் இருக்கை கிடைத்தது. தம் தொழுகைக் கூடத்தில் கிடைக்கவில்லை. அவர் சமயத்தை விட்டு ஓடவில்லை. கூடத்துக்குள்ளேயே அறப்போர் தொடுத்தார். பிள்ளைகளையும் உடனழைத்து, விலக்கப்பட்ட இடத்தில் சென்று நின்றார். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. 1967-இல் அவர் மறைந்தபோது, கூடத்தை நிரப்பியிருந்த மக்களில் பெரும்பாலோர் இசுரேல் சென்றுவிட்டிருந்தனர். யூதத்தெருவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோளில் கிடந்த நூல் அவருக்குச் சமத்துவத்தைத் தரவில்லை. அவர் எழுப்பிய கேள்வி தந்தது.

பவளக்காரத் தெரு

உடுத்தியவன் கதை இது. உடுத்தும்படி ஒடுக்கப்பட்டவன் கதை வேறு. 1215-இல் நான்காம் இலாத்தரன் திருச்சபைப் பேரவை, யூதரும் முசுலிம்களும் ஆடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. சமயக் குற்றவிசாரணை மன்றத்தார் தண்டிக்கப்பட்டவருக்குச் ‘சான்பெனிட்டோ’ என்னும் மஞ்சள் அங்கியை மாட்டினர்; பின்னர் அதைக் கோயில் சுவரில் பெயரோடு தொங்கவிட்டு, பேரன்மாரையும் தலைகுனிய வைத்தனர். போர்ச்சுக்கல்லில் 1497-இல் யூதர் வலுவந்தமாக மதம் மாற்றப்பட்டனர். அதன்பிறகு ஒருவன் சனிக்கிழமையன்று தோய்த்த சட்டை உடுத்தினாலே, இவன் உள்ளுக்குள் யூதன் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. வெளுத்த சட்டை குற்றச்சான்று! 1941 செப்டம்பரில் இட்லர் ஆட்சி செருமனியில் ஆறு வயதைக் கடந்த ஒவ்வொரு யூதனையும் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ளச் செய்தது. அந்தத் துணித்துண்டு எங்குக் கொண்டு சென்று விட்டது என்பதை உலகம் அறியும்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை. காசிமேட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இராயபுரத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், மண்ணடிப் பக்கம், பவளக்காரத் தெரு இருக்கிறது. மதம் மாற்றப்பட்டு, இலண்டனுக்குத் தப்பிச்சென்று, மீண்டும் தம் பழைய நெறியைத் தழுவிய போர்ச்சுக்கீசிய யூத வணிகர் சிலர், 1680-களில் சென்னை வந்தனர். மத்தியதரைக் கடலின் செம்பவளம் கப்பலில் வந்தது. கோல்கொண்டா வைரம் கப்பலில் சென்றது. அவர்கள் அறம் வளர்க்க வந்தவர்கள் அல்லர், இலாபம் நாடி வந்தவர்களே. கும்பினியாரும் அன்பினால் இடம் தரவில்லை, ஆதாயத்தால் தந்தனர். ஆயினும் வரலாறு ஒரு விந்தை செய்தது. 1688-இல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது பன்னிரு ஆல்டர்மன்களில் மூவர் எபிரேய வணிகர்: பார்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா பொன்செகா. பெயரைப் பாருங்கள், கிறித்தவப் பெயர்! அஞ்சி வாழ்ந்த தலைமுறைகளின் தழும்பு அது.

இதை நாடகத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஷைலக்கை வீழ்த்துவது கத்தியின் கூர்மை பற்றிய வாதம் மட்டுமன்று; அயலான் ஒருவன் குடிமகனின் உயிருக்கு உலைவைத்தால் அவன் சொத்தும் உயிரும் போகும் என்னும் வெனிஸ் சட்டம். பிறந்து வளர்ந்து வணிகம் செய்தாலும் யூதன் அயலானே! கற்பனை வெனிசில் அயலான் என்று துரத்தப்பட்டவன், நாடகம் அச்சேறி 88 ஆண்டுகளில் நம் கடற்கரை நகரத்தின் ஆட்சிக் குழுவில் அமர்ந்தான். எனில், நம் பிள்ளைகளுக்கு மெழுகுமூக்கு ஷைலக்கைத் தெரியும். ஆல்டர்மன் ரோட்ரிகசைத் தெரியாது.

அவ்வணிகரின் கல்லறைகள் தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்தன. பின்னர் அக்கற்கள் இடம் பெயர்க்கப்பட்டன. சிலகாலம் நம் காசிமேட்டில் கிடந்தன. துறைமுக விரிவு வந்தபோது, 1983-இல் அங்கிருந்தும் பெயர்த்து இலாயிட்ஸ் சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வாழ்நாளில் நாடு நாடாக அலைந்தோர், மாண்டபின்னும் தெருத்தெருவாக அலைந்தனர்!

தண்டல் கணக்கு

நாடகத்தின் முடிவுக்கு வருவோம். ஷைலக்கின் சொத்து பிடுங்கப்படுகிறது. உயிருக்கு ஈடாக அவன் கிறித்தவனாக வேண்டும் என்று ஆணை பிறக்கிறது. அரங்கில் கைதட்டல்! உயிர் கொடுத்தார்களே, எவ்வளவு கருணை என்று உரைநூல்கள் எழுதுகின்றன. 1497-ஐ அறிந்தவனால் கைதட்ட முடியுமா? யூதனுக்கும் உடலுண்டு, உணர்வுண்டு, அடித்தால் வலியுண்டு என்று மூன்றாம் அங்கத்தில் அவனை முறையிட வைத்த ஆசிரியர், நான்காம் அங்கத்தில் அவனைக் கூனிக் குறுகி வெளியேற வைக்கிறார். முதலதைப் படைத்தது கலைஞனின் நெஞ்சம். இரண்டாவதை நகைச்சுவை முடிவாக ஏற்றது அக்காலத்தின் கொடுமை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே ஆசிரியர் தொழில். கத்தி தீட்டிய வஞ்சத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. வஞ்சத்தைத் தண்டிப்பது ஒன்று. ஒருவன் மனச்சான்றைப் பறிப்பது முற்றிலும் வேறொன்று.

இன்னொரு கேடும் இந்த அங்கியால் விளைகிறது. அது நம் வாசலிலேயே விளைகிறது. வட்டிக்கொடுமை எப்படியிருக்கும் என்று கேட்டால் மாணவன் தாடியையும் அங்கியையும் வரைகிறான். காசிமேட்டில் வலை வாங்கக் கடன்பட்டவரைக் கேட்டுப் பாருங்கள். எண்ணூரில் ஒப்பந்தக் கூலி வாங்கும் தாயைக் கேட்டுப் பாருங்கள். தண்டல்காரர் அங்கி அணிந்து வருவதில்லை. வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், வண்டியேறி, ‘அக்கா’ என்று அழைத்துக்கொண்டே வருகிறார். கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, நாள்தோறும் வந்து முழுக்கணக்கை வசூலிக்கிறார். மிகைவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தண்டல் வீட்டில் இருக்கிறது. இதயத்தை ஒட்டிய ஒரு பவுண்டு தசை என்றதும் பதறுகிறோம். நாளுக்கு இவ்வளவு என்று குடும்பத்தின் சோற்றை அறுத்தெடுப்பதைக் காண மறுக்கிறோம். கொடுமையை அயலான் ஆடையில் தேடப் பழகிய கண், அண்டை வீட்டான் ஆடையில் அதைக் காண்பதில்லை. மெழுகுமூக்கு நமக்குச் செய்துள்ள பெருந்தீங்கு இதுதான்.

ஆகவே, நாடகம் நடத்தும் ஆசிரியத் தோழர்களுக்கும் மன்ற இளைஞர்களுக்கும் சொல்வோம். வெனிஸ் நகர வணிகனைத் தாராளமாக மேடையேற்றுங்கள். அந்தோனியோ என்ன உடுத்துகிறானோ, அதையே ஷைலக்குக்கும் உடுத்துங்கள். வேண்டுமானால் ஆட்சி அவன் தலையில் ஏற்றிய சிவப்புத் தொப்பியை அணிவியுங்கள். ஆனால் முதற்காட்சிக்கு முன் ஒருவன் வந்து, இதை அணியச் சொன்னது யார் என்று அவைக்கு உரைக்கட்டும். போர்ஷியா அந்த வினாவைக் கேட்கும்போது அவையோருக்கும் விடை தெரியாமல் இருக்கட்டும். ஒரு நொடியேனும் அவர்கள் தடுமாறட்டும். அந்த ஒரு நொடித் தடுமாற்றம் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். நாடகம் முடிந்ததும் மாணவர்களைப் பவளக்காரத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; சேலம் என்னும் வழக்கறிஞரின் கதையைச் சொல்லுங்கள்.

எந்த ஆடையைக் கண்டாலும் பகுத்தறிவாளன் கேட்க வேண்டியவை சிலவே. விரும்பி அணிந்தானா, வெருட்டி அணிவித்தார்களா? யாருக்கு இது மறுக்கப்பட்டது? இதை உடுத்தியவன் பக்கத்தில் இதே உடையோடு இன்னொருவன் அமர முடிகிறதா? தல்லித்தையும் கேட்போம், பூணூலையும் கேட்போம், காவியையும் கேட்போம், கதரையும் கறுப்பையும் கேட்போம். நம் சட்டைக்கு மட்டும் விலக்கு வேண்டா. ஆனால் கேட்காமலே சிரிப்பது பகுத்தறிவு ஆகாது. அது, வெனிசில் உமிழ்ந்தவர்கள் செய்த வேலை.